அழித்துவிடச் சொன்னவரின் ஓவியங்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அருங்காட்சியகம். காலை நேரம், கதவு திறந்தாயிற்று. நடுக்கூடத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும் பெரிய உருண்டை. அதில் அங்கங்கே துளைகள். கையை உள்ளே விட்டால் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு மாதிரி உணர்வைத் தருமாம். அந்த உருண்டையின் அடியில் ஒரு பெண் கிடக்கிறாள். ஒரு கையைக் காணோம். வெள்ளைத் தரையில் ரத்தம் குளமாக நிற்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் அந்த ரத்தத்தை மிதித்துத் தடம் பதித்து விளையாடுகிறார்கள். பெரியவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். பிணமும் கலைப்படைப்பில் சேர்த்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த உதவியாளர் பெண் அடையாளம் கண்டு அலறிய பிறகுதான் அது கொலை ஆகிறது.

2019இல் வந்த ‘வெல்வெட் பஸ்ஸா’ படத்தில் நம்மைத் தூங்கவிடாத காட்சி இதுதான். ரத்தத்தைவிட அந்தக் கூட்டத்தின் முகங்கள்தான் பயமுறுத்துகின்றன. ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. ரசனையோடு பார்ப்பதற்குப் பழகிப் பழகி, வெறுமனே பார்ப்பதை மறந்துபோன முகங்கள்.

படத்தை எழுதி இயக்கியவர் டான் கில்ராய். இதற்கு முன் ‘நைட்கிராலர்’ (2014) எடுத்தவர். விபத்தையும் கொலையையும் படம்பிடித்து டிவி சேனலுக்கு விற்கும் இளைஞனின் கதை அது. அதில் நாயகனாக நடித்த ஜேக் கில்லன்ஹால்தான் இதிலும் மையம். சென்றமுறை பிணத்தைப் படம்பிடித்து விற்றவர், இந்தமுறை பிணம் விட்டுச்சென்ற படங்களுக்கு விலை ஏற்றிக் கொடுக்கிறார். 2019 ஜனவரியில் சன்டான்ஸ் திரைவிழாவில் திரையிட்டார்கள், பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நையாண்டியா, பேய்ப் படமா என்று பலருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

கதை எளிது. மார்ஃப் வாண்டெவால்ட் (கில்லன்ஹால்) கலை விமர்சகன். அவன் நாலு வரி எழுதினால் ஒரு ஓவியனின் விலை ஏறும், இறங்கும். ரொடோரா ஹேஸ் (ரெனே ருஸ்ஸோ) பெரிய கேலரிக்குச் சொந்தக்காரி. இளமையில் பங்க் இசைக்குழுவில் இருந்தவள். அந்தக் குழுவின் பெயர்தான் படத்தின் பெயர். அதன் அடையாளமான வட்ட ரம்பம் இன்னும் அவள் உடம்பில் பச்சை குத்தியிருக்கிறது. அவளிடம் வேலை பார்க்கும் ஜோசஃபினா (ஸாவி ஆஷ்டன்) குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு கிழவர் இறந்துகிடக்கிறார். பெயர் வெட்ரில் டீஸ். தனியாள். உள்ளே போய்ப் பார்த்தால் வீடு நிறைய ஓவியங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது செத்தவரின் விருப்பம். ஜோசஃபினா அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

பிறகு வரிசையாகச் சாகிறார்கள். ஓவியங்களை வைத்துக் காசு பார்த்த ஒவ்வொருவரும், ஒவ்வொரு படைப்பின் கையால். நம்மூர்ப் பேய்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டம் புதிதல்ல. பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், அநியாயம் செய்தவன் பட்டியலில் இருப்பான், பூசாரி வருவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். கில்ராயும் அந்தப் பாதையில்தான் போகிறார். ஆனால் அவருடைய பேய்க்கு முகம் கிடையாது, வசனம் கிடையாது, வெள்ளைச் சேலையும் கிடையாது. இருட்டுகூட அதிகம் இல்லை. ‘நைட்கிராலர்’ படத்துக்கு ராத்திரியை ஒளிப்பதிவு செய்த ராபர்ட் எல்ஸ்விட், இதில் வெள்ளைச் சுவரையும் பளிச்சென்ற கலிஃபோர்னியா வெயிலையும் வைத்தே வேலையை முடிக்கிறார்.

சிகாகோவின் இரண்டு தனியாட்கள்

டீஸ் கற்பனைப் பாத்திரம். ஆனால் கில்ராய் வரைந்திருக்கும் சாயலைப் பார்த்தவுடன் கலை உலகத்தில் இருப்பவர்கள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள்: ஹென்றி டார்ஜர்.

1892இல் சிகாகோவில் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லினாய் மாநில விடுதியில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி ஓடிவந்தவர். வாழ்நாள் முழுக்க மருத்துவமனைகளில் துப்புரவு வேலை, பாத்திரம் கழுவும் வேலை. தினமும் தேவாலயம். யாரோடும் ஒட்டாதவர். வெப்ஸ்டர் அவென்யூவில் ஒரே வாடகை அறையில் சுமார் 40 ஆண்டுகள். 1972இல் நடமாட முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போனபிறகு, வீட்டுக்காரரான நேதன் லெர்னர் அறையைக் காலி செய்யத் திறந்தார். குப்பைக்கு நடுவே 15,000 பக்கங்களைத் தாண்டும் ஒரு நாவலின் தட்டச்சுப் பிரதி. அந்தக் கதைக்காக வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள். அவற்றில் சில, பல அடி நீளம், இரண்டு பக்கமும் வரைந்தவை. பத்திரிகைப் படங்களிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் சிறுமிகளின் உருவங்களை நகலெடுத்து, அவர்களைப் பெரும் போர்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். சில படங்களில் கழுத்து நெரிபடும் குழந்தைகள். பார்க்கவே சங்கடமான படங்கள். அழகான படங்களும்கூட.

அந்த அறையைப் பற்றி டார்ஜரிடம் கேட்டபோது என்ன பதில் சொன்னார் என்பதில் இரண்டு கதைகள் உலவுகின்றன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாராம். எல்லாம் உங்களுக்கே என்றாராம். எது உண்மை என்பதில்தான் கோடிக்கணக்கான ரூபாய் தொங்குகிறது. டார்ஜர் 1973 ஏப்ரலில் இறந்தார். 2014இல் பாரிஸ் ஏலத்தில் அவருடைய ஒரே ஓவியம் 7 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. 2022இல் தூரத்து உறவினர்கள் இல்லினாய் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாடகைக்கு இருந்தவரின் பொருளை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டதாலேயே அது அவருடைய சொத்தாகிவிடுமா என்பது அவர்களுடைய கேள்வி. லெர்னர் சாதாரண வீட்டுக்காரர் அல்ல, அவரே பேர்பெற்ற புகைப்படக் கலைஞர். வேறு யாராவது அந்த அறையைத் திறந்திருந்தால் எல்லாம் குப்பை லாரியில் போயிருக்கும். இதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அதே ஊரில் இன்னொருவர், விவியன் மேயர். பணக்கார வீடுகளில் பிள்ளை பார்க்கும் ஆயா. கழுத்தில் எப்போதும் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. எடுத்த படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். யாரிடமும் காட்டியதில்லை, ஆயிரக்கணக்கான ஃபிலிம் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. பொருள்களைப் போட்டுவைத்திருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்டாததால் 2007இல் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவை 400 டாலருக்கும் குறைவாக எடுத்தார். மேயர் 2009இல் இறந்தார். அதன்பின் உலகமெங்கும் கண்காட்சிகள், புத்தகங்கள், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஆவணப்படம். 2014இல் பதிப்புரிமை வழக்கு. நெகட்டிவ் வாங்கியவருக்கு நெகட்டிவ் சொந்தம், அதிலிருந்து பிரிண்ட் போட்டு விற்கும் உரிமை யாருக்கு?

ஜோசஃபினா டீஸின் வீட்டுக்குள் நுழையும் காட்சியை இவ்வளவும் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு படமாகத் தெரிகிறது. அவள் முதலில் ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போகிறாள், அது பொய்யில்லை. மார்ஃபும் சொக்கிப்போகிறான். டீஸ் நிஜமாகவே பெரிய ஓவியர்தான். ஆனால் ரசித்து முடித்த மறுநிமிடமே கை கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. ரொடோரா விஷயத்தை மோப்பம் பிடித்து ஜோசஃபினாவை மிரட்டிப் பங்காளி ஆகிறாள். புத்தகம் எழுதும் உரிமையை மார்ஃப் வாங்கிக்கொள்கிறான். ஆயிரக்கணக்கில் ஓவியம் இருந்தால் விலை விழுந்துவிடும் என்று ஒரு பங்கைக் கிடங்கில் பூட்டிவைக்க ஏற்பாடாகிறது.

கிடங்கு என்பது சினிமாவுக்காகச் சேர்த்த சமாச்சாரம் அல்ல. ஜெனீவாவின் சுங்கவரியில்லா கிடங்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருட்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கிடங்கிலிருந்து வெளியே வராமலேயே கைமாறும் ஓவியங்கள் உண்டு. வாங்கியவர் சுவரில் மாட்டுவதில்லை, விற்றவர் சுவரிலும் அது இருந்ததில்லை. படத்தில் விமர்சகன் சாவது அப்படிப்பட்ட ஒரு கிடங்கில்தான். கொல்வது, முதல் காட்சியில் மயாமி கலைச்சந்தையில் அவன் மட்டம் தட்டிவிட்டுப் போன இயந்திர பொம்மை. வீடற்ற பிச்சைக்காரன் வேடத்தில், ஊன்றுகோலோடு நிற்கும் பொம்மை.

விமர்சகன் காதில் விழும் குரல்

மார்ஃப்தான் படத்தின் சிறந்த பாத்திரம். எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போடாமல் அவனால் இருக்க முடியாது. இழவு வீட்டில் சவப்பெட்டியின் நிறம் சரியில்லை என்று முகம் சுளிக்கிறான். கில்லன்ஹால் இதைக் கேலிச்சித்திரமாக்காமல், ஒரு நோயாளியைப் போல நடித்திருக்கிறார். இந்த மனிதன் செய்யும் உண்மையான பாவம் ஒன்று உண்டு. ஜோசஃபினா மேல் உள்ள ஆசையில், அவளுடைய பழைய காதலனின் கண்காட்சியைக் குதறி எழுதுகிறான். அந்த ஓவியன் குடித்துவிட்டு வண்டியோட்டி விபத்தில் சிக்குகிறான். பிறகு ஒரு நாள், ஒலியை மட்டும் வைத்து அமைத்த ஓர் இருட்டறையில் மார்ஃப் தனியாக நிற்கும்போது, தான் எழுதிய விமர்சன வரிகளே அவன் காதில் கேட்கத் தொடங்குகின்றன. எழுத்தைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு வேறு எந்தப் பேயும் தேவையில்லை.

முழுப்படமும் இந்தத் தரத்தில் இருந்திருந்தால் இதை உளவியல் திகில் படங்களின் முதல் வரிசையில் வைத்திருக்கலாம். பாதியில் கில்ராய்க்குப் பொறுமை போய்விடுகிறது. ஓவியங்களை ஏற்றிச்செல்லும் பணியாளன் ஒருவன் பெட்ரோல் பங்கில் சாகிறான். அங்கே சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து குரங்குகள் கை நீட்டி இழுக்கின்றன. வேறொரு கேலரிக்காரனைத் தூக்கில் தொங்கவிட ஒரு கை வருகிறது. ஜோசஃபினாவின் காலில் தெருவோவியத்தின் சாயம் ஏறி அவளைச் சுவரோடு சேர்த்துவிடுகிறது. ஒவ்வொன்றும் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அடுத்தது யார் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் பயம் போய்விடுகிறது. ரொடோராவின் சாவு மட்டும் விதிவிலக்கு. வீட்டிலிருந்த கலைப்பொருட்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு நிம்மதியாக உட்காருகிறாள். உடம்பில் இருக்கும் பச்சையை மறந்துவிடுகிறாள்.

டீஸ் வண்ணத்தில் ரத்தத்தைக் குழைத்திருந்தார் என்று ஒரு திருப்பம் வருகிறது. படத்தில் இதைப் பெரிய அதிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். கலை வரலாறு தெரிந்தவர் பெரிதாக அதிரமாட்டார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ‘மம்மி பிரவுன்’ என்று ஒரு பழுப்புச் சாயம் கடையில் கிடைத்தது. எகிப்திய மம்மிகளை அரைத்துச் செய்தது. தான் பயன்படுத்தும் சாயம் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் அந்த டியூபைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தார். அடக்கம் செய்தார் என்றே சொல்ல வேண்டும், குடும்பமே கூடி நின்றது. 1991இல் மார்க் க்வின் தன்னுடைய ரத்தத்தையே சுமார் நாலரை லிட்டர் சேமித்து, உறையவைத்துத் தன் தலையின் சிலையாக வார்த்தார். குளிர்பெட்டிக்குள் வைத்தால்தான் நிற்கும். அதுவும் நல்ல விலைக்குப் போயிற்று.

கலை ஆளைக் காயப்படுத்துவதும் கொல்வதும் கற்பனையில் மட்டும் நடப்பதில்லை. 2018 ஆகஸ்டில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் அனிஷ் கபூரின் படைப்பு ஒன்று காட்சிக்கு இருந்தது. தரையில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். சாயம் பூசிய வட்டமா, பள்ளமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்தக் குழப்பம்தான் படைப்பே. வந்த ஒருவர் சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு விழுந்தார். காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். அதற்கு முன்பே, 2006 ஜூனில், நியூ மெக்ஸிகோவைச் சேர்ந்த சிற்பி லூயிஸ் ஹிமெனஸ், டென்வர் விமான நிலையத்துக்காகச் செய்துகொண்டிருந்த பிரம்மாண்ட நீலக் குதிரையின் ஒரு பகுதி அவர் மேல் சரிந்தது. காலின் ரத்தக்குழாய் அறுந்து இறந்துபோனார். குதிரையை மற்றவர்கள் முடித்துக்கொடுத்தார்கள். 2008 முதல் அது விமான நிலையத்துச் சாலையோரம் முன்கால்களைத் தூக்கி நிற்கிறது. உயரம் 32 அடி. கண்கள் ராத்திரியில் சிவப்பாக எரியும். அதைச் சாத்தான் குதிரை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அந்தச் சிவப்புக் கண்கள், நியான் விளக்குப் பலகைகள் செய்த தன் அப்பாவின் நினைவாக ஹிமெனஸ் வைத்தவை.

கேலியை முந்திய நிஜம்

நையாண்டிப் படம் எடுப்பவருக்கு இந்தத் துறையில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு மிகைப்படுத்தினாலும் நிஜம் ஓடிவந்து முந்திவிடும். ஓவியனின் அறைக்கு வரும் கேலரிக்காரன், மூலையில் கிடக்கும் குப்பைப் பைகளைப் பார்த்து வியக்கிற இடம் படத்தில் இருக்கிறது. அது படைப்பல்ல, குப்பைதான். சிரிக்கிறோம். 2004இல் லண்டன் டேட் பிரிட்டனில் குஸ்தாவ் மெட்ஸ்கரின் படைப்பில் ஓர் அங்கமாக இருந்த குப்பைப் பையைத் துப்புரவாளர் நிஜமாகவே தூக்கிப் போட்டுவிட்டார். ‘வெல்வெட் பஸ்ஸா’ எந்த மயாமி கலைச்சந்தையில் தொடங்குகிறதோ, அதே சந்தையில் படம் வெளிவந்த வருடமே, 2019 டிசம்பரில், சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழத்தை மௌரிசியோ கட்டெலான் 1,20,000 டாலருக்கு விற்றார். 2024இல் அதே படைப்பின் ஒரு பிரதி 62 லட்சம் டாலர். வாங்கியவர் பழத்தை உரித்துத் தின்றார்.

டீஸின் கோரிக்கைக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டியது இன்னொன்று. 2018 அக்டோபரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் பேங்ஸியின் ‘பலூன் சிறுமி’ சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு ஏலம் முடிந்து சுத்தியல் தட்டிய கையோடு, சட்டத்துக்குள் ஒளித்துவைத்திருந்த கருவி படத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தது. பாதியில் நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து அந்தக் கிழிசல் ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஓவியனே முன்வந்து அழித்தாலும் சந்தை அதையும் வாங்கிக்கொள்ளும். டீஸின் பேய் இந்த ஏலத்தைப் பார்த்திருந்தால் வெறுத்துப்போய்க் கல்லறைக்கே திரும்பியிருக்கும்.

கில்ராய்க்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1990களில் டிம் பர்ட்டன் இயக்க, நிக்கோலஸ் கேஜ் நடிக்க ஒரு சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு எழுதியவர்களில் இவரும் ஒருவர். 1998இல் ஸ்டுடியோ படத்தைக் கைவிட்டது. உழைத்து எழுதியதை யாரும் பார்க்கப்போவதில்லை. சான்டா மோனிகா கடற்கரையில் போய் உட்கார்ந்து, அலை வந்து அழிக்கிற மாதிரி மணலில் எழுதினால்தான் என்ன என்று யோசித்தாராம். அந்த மணல் படத்தின் முடிவில் வருகிறது. குடியை விட்டபிறகு கை ஓடாமல் தவிக்கும் பியர்ஸ் என்ற ஓவியன் (ஜான் மால்கோவிச்) கடற்கரை மணலில் பெரிய பெரிய வளைவுகளாக வரைந்துகொண்டே போகிறான். அவனும், கேலரியை உதறிவிட்டுப் பழைய தெருக்கூட்டாளிகளிடம் திரும்பிவிடும் ஓவியன் டம்ரிஷும் (டேவீட் டிக்ஸ்) உயிரோடு தப்புகிறார்கள். விற்றவர்களுக்குச் சாவு, வரைந்தவர்களுக்கு மன்னிப்பு.

இங்கேதான் எனக்குப் படத்தோடு சண்டை. வரைகிறவர் புனிதர், விற்கிறவர் பிசாசு என்று பிரித்துவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் லெர்னர் என்ற வீட்டுக்காரர் இல்லாமல் டார்ஜர் இல்லை. மலூஃப் இல்லாமல் மேயர் இல்லை. எழுத்தாளர் காஃப்கா தன் கைப்பிரதிகளைப் படிக்காமல் எரிக்கச் சொல்லிவிட்டு 1924இல் இறந்தார். நண்பர் மேக்ஸ் பிராட் எரிக்கவில்லை, அச்சிட்டார். அந்தத் துரோகத்தின் பலனைத்தான் நூறு வருடமாக உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. பிராடைப் பேய் அடித்திருக்க வேண்டுமா? ஜோசஃபினாவுக்கும் பிராடுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? அந்தக் கேள்வியை எழுப்பும் தகுதி கில்ராயின் கதைக்கு இருக்கிறது. அவரோ குரங்குகளை அவிழ்த்துவிடுகிறார்.

இருந்தாலும் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் காட்சியில், தான் போட்ட கணக்கைத் தானே கலைத்துவிடுகிறார். டீஸின் ஓவியங்களில் சில எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டன. நடைபாதைக் கடையில் ஒவ்வொன்றும் 5 டாலர். போகிறவர் வருகிறவர் எடுத்துப் பார்த்து, பிடித்துப்போய், வாங்கிக்கொண்டு போகிறார்கள். யார் வரைந்தது என்று தெரியாது, விலை ஏறும் என்ற எண்ணம் கிடையாது.

மலிவுப் படத்துக்கும் பேய் பிடிக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1985இல் பிரிட்டனின் ‘தி சன்’ நாளிதழ், ‘அழும் சிறுவன்’ படம் மாட்டியிருந்த வீடுகள் தீப்பற்றி எரிவதாகவும், படம் மட்டும் கருகாமல் தப்புவதாகவும் செய்தி போட்டது. இத்தாலிய ஓவியர் ஒருவர் வரைந்த படத்தின் சாதாரண அச்சுப்பிரதி அது, சாமானியர் வீடுகளில் தொங்கியது. பயந்துபோனவர்கள் கட்டுக்கட்டாக அனுப்பிவைக்க, பத்திரிகையே அவற்றைக் கொளுத்தியது. பிற்பாடு சோதித்தவர்கள் சொன்ன காரணம் சப்பென்றிருந்தது. கெட்டி அட்டையில் அச்சடித்து எளிதில் தீப்பிடிக்காத வார்னிஷ் பூசியிருந்தார்கள். மாட்டியிருந்த கயிறு முதலில் எரிந்துபோக, படம் குப்புற விழுந்து தப்பித்துக்கொண்டது.

5 டாலர் கொடுத்து டீஸை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று கில்ராய் சொல்லவில்லை. விற்றவனைத்தான் பேய் பிடிக்கும் என்றால் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அழிக்கச் சொன்னதை மீறிப் பார்ப்பதே குற்றம் என்றால் இவர்களுக்கும் இருக்கிறது, 113 நிமிடம் உட்கார்ந்து அந்த ஓவியங்களைப் பார்த்த நமக்கும் இருக்கிறது.